அளவுப் பலகையில் ஒரு மத்தி

கேரளக் கரையில் 2012ஆம் ஆண்டு ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி இறங்கியது. 2021இல் இறங்கியது 3,297 டன். நம்மூர்த் தென்கோடியில் சாளை என்று வாங்கிச் சமைக்கும் அதே மீன்தான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்ததுமே கடல் காலியாகிவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் பிடிப்புக் கணக்கு கரைக்கு வந்த மீனைப் பற்றியது. கடலில் மிச்சமிருக்கும் மீனைப் பற்றி அது நேராக எதுவும் சொல்வதில்லை. படகுகள் குறைவாகப் போனாலும் பிடிப்பு குறையும், கூட்டம் ஆழத்துக்கு விலகினாலும் குறையும், குஞ்சு பிழைக்காவிட்டாலும் குறையும். எது நடந்தது என்று பிரித்தறியும் வேலை கணினியில் தொடங்குவதில்லை, மீன் இறங்கும் துறையில் தொடங்குகிறது. அங்கே எண்ணி அளப்பவரின் உழைப்பு எவ்வளவு நம்பத்தக்கதோ, அவ்வளவுதான் மேலே எழும் அறிக்கைகளும் நம்பத்தக்கவை.

1947இல் தொடங்கி, நெடுங்காலம் மண்டபத்தில் இயங்கி, இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் களப்பணியாளர்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். எந்தத் துறை, எந்த நாள் என்பது அவர்கள் விருப்பமல்ல. மாதிரி முறைப்படி முன்கூட்டியே தேர்வாகிவிடும். முதல் நாள் நண்பகல் முதல் மாலை ஆறு வரை, மறுநாள் காலை ஆறு முதல் நண்பகல் வரை துறையில் இருக்க வேண்டும். இடைப்பட்ட இரவில் இறங்கியதை விசாரித்துத்தான் எழுதுகிறார்கள். வரும் படகுகள் 15க்குள் என்றால் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். கூடினால் சிலவற்றை மட்டும். எந்த வலை, எத்தனை மணி நேரம் தொழில் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். பாதிக் கணக்கு இப்படி வாய்ச்சொல்லில் நிற்கிறது. ஏலம் முடிந்து கூடைகள் லாரி ஏறும் அவசரத்தில் படகுக்காரர் நின்று பதில் சொல்வது, கேட்பவர்மேல் அவருக்குள்ள நம்பிக்கையால்தான்.

நான் அதிகம் கவனித்தது அளவுப் பலகையை. மீனின் மூக்கைத் தடுப்புக் கட்டையில் முட்டவைத்து, வாலைத் தடவி நேராக்கி, நுனி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று சொல்ல, பக்கத்தில் ஒருவர் அந்த நீளத்துக்கான கட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழிக்கிறார். அடுத்த மீன், அடுத்த கோடு. பிறகு சிலவற்றின் வயிற்றைக் கீறி, சினை எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். சலிப்பான வேலைதான். ஆனால் மத்தி முதன்முறை சினை வைப்பது ஏறக்குறைய 15 சென்டிமீட்டரில். பென்சில் கோடுகள் அதற்குக் கீழேயே குவிந்தால், ஒருமுறைகூட முட்டையிடாத மீன் கூடையில் கிடக்கிறது என்று பொருள். எத்தனை டன் என்ற கணக்கில் இது ஒருபோதும் தெரியாது. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக்கூடாது என்று கேரளம் விதித்த வரம்பு இப்படிப்பட்ட அளவுகளின்மேல்தான் எழுந்தது.

இவ்வளவு பாடு எதற்கு, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு பிடிபடுகிறது என்று பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அந்த நம்பிக்கை பெரும் விலை கேட்டது. 1980களில் காட் மீன் குறையக் குறைய மிச்சமிருந்தவை ஓரிடத்தில் திரண்டன. பெரிய இழுவைக் கப்பல்கள் அங்கேயே வலை போட்டதால் அவற்றின் பிடிப்பு விகிதம் விழவில்லை. மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று கரையோரச் சிறு மீனவர்கள் முறையிட்டது எடுபடவில்லை. 1992 ஜூலையில் தடை வந்தது, ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். தடையை விலக்க 2024 ஆயிற்று. அளப்பதில் மீனவர் கண்ணுக்கும் இடம் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மத்தியின் ஏற்ற இறக்கம் இயற்கை, பருவமழையும் எல் நினோவும் செய்வதற்கு வலையைக் குறை சொல்லலாமா என்று மீனவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நீளமும் சில சமயம் தவறாக வழிகாட்டும். 2024இல் மத்தி மிகுதியாக வந்தும் வளராமல் சிறுத்தே நின்றது. குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்து இரை போதாமல் போனதுதான் காரணம் என்று ஆராய்ச்சி நிலையம் விளக்கியது. நீளத்தோடு எடையும் சினையும் பார்த்தால்தான் பட்டினியையும் மிகைப் பிடிப்பையும் பிரிக்க முடியும். கடல் வஞ்சிக்கும் ஆண்டில் அதே வேகத்தில் வலை வீசினால் இரண்டு அடியும் சேர்ந்து விழும் என்பதால், இயற்கையைக் காரணம் காட்டுவது அளவைக் கைவிடுவதற்கான வாதம் ஆகாது.

2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில், ஆராய்ந்த 135 மீன் இருப்புகளில் 91.1 சதவீதம் நல்ல நிலையில் இருப்பதாக அதே நிலையம் அறிவித்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சதவீதத்தில் லட்சக்கணக்கான குடும்பங்கள் உண்ணும் மீனும் எப்போதாவது வலையில் ஏறும் மீனும் தலா ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. ஒரு வள்ளக்காரருக்கு வேண்டியது தன் துறையில், தன் வலையில், இந்த மாதம் இறங்கிய மத்தியின் நீளம். குஞ்சு மீனை அள்ளி மீன்தூள் ஆலைக்கு அனுப்பும் பெருவலைக்கும் சிறு வள்ளத்துக்கும் ஒரே பழி விழாமல் இருக்க, வலைவாரியாக அந்த அளவு வெளிவர வேண்டும். பென்சில் கோடு விழுந்த துறையிலேயே, ஏலக் கூடத்துச் சுவரில், மலையாளத்தில், மாதாமாதம் அதை எழுதிப்போட வேண்டும். இரவில் இறங்கியதை விசாரித்து எழுதும் ஊழியருக்கு உண்மையான பதில் கிடைப்பதற்கும் அதுவே வழி.