காற்றை வெளியே நிறுத்தி

காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாவுக்கு மருந்து தேடும் எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் யாரையும் எடுத்தவுடன் மருந்தைத் தொட விடுவதில்லை. முதலில் சேம்பரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சேம்பர் என்றால் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் கூடாரம். அதில் பெரும்பங்கு நைட்ரஜன், கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சம் ஹைட்ரஜன். சுவரில் பொருத்திய கையுறைகளுக்குள் கையை விட்டுத்தான் வேலை. எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏர்லாக் வழியாகவும் கையுறை வழியாகவும் சிறிது ஆக்சிஜன் நுழைந்துகொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் பல்லேடியத்தின் மேல் அது ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிடும். பல்லேடியம் நமத்துப்போனால் வேலை செய்யாது. வெளியே எடுத்து அடுப்பில் காயவைத்து மறுபடி போட வேண்டும். மூலையில் ரெசசூரின் கலந்த குப்பி ஒன்று இருக்கும். ஆக்சிஜன் இல்லாதவரை அது நிறமற்றிருக்கும். இளஞ்சிவப்பு தெரிந்தால் அன்று கிருமி வளர்த்த பிளேட்டுகளைக் கழித்துவிட வேண்டியதுதான்.

இந்தக் கெடுபிடி எதற்கு என்பதை மெட்ரோனிடசோலைக் கொண்டு சொன்னால் எளிதில் புரியும். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாவுக்கு எதிராக நம்மிடம் இருக்கும் முக்கியமான மருந்து அதுதான். மாத்திரையில் இருக்கும் நிலையில் அது பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. அதன் நைட்ரோ தொகுதிக்கு ஓர் எலக்ட்ரான் கிடைத்த பிறகுதான் டிஎன்ஏவைச் சிதைக்கும் பொருளாக மாறும். அந்த எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுப்பது காற்றில்லாமல் பிழைக்கும் செல்லில் உள்ள ஃபெரெடாக்சின் போன்ற புரதங்கள். பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அது எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு மருந்தைப் பழைய நிலைக்கே திருப்பிவிடும். ஆகவே சேம்பர் கசிந்தால் மருந்துக்கு அடங்கும் கிருமிகூட அடங்காததுபோல் காட்டும். அந்த ஒரு தவறான எண்ணை நம்பிச் சேர்மத்தை மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தால் வேதியியல் பிரிவின் மாதக்கணக்கான உழைப்பு பாழ்.

இந்த மருந்து வந்த வழியும் நேரானதல்ல. 1950களில் ஜப்பானில் ஸ்ட்ரெப்டோமைசிஸிலிருந்து அசோமைசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அதைப் பின்பற்றி பிரான்சின் ரோன்-பூலாங்க் நிறுவனம் செய்த சேர்மங்களில் ஒன்று மெட்ரோனிடசோல். டிரைக்கோமோனாஸ் என்ற ஒருசெல் ஒட்டுண்ணிக்காகத்தான் அதைக் கொடுத்தார்கள். அப்படிச் சாப்பிட்ட ஒருவருக்கு ஈறுப்புண்ணும் ஆறியதை பிரிட்டனில் ஷின் என்பவர் கவனித்து 1962இல் லான்செட் இதழில் எழுதினார். ஈறுப்புண்ணில் இருந்தவை காற்றில்லா பாக்டீரியா. இன்று இப்படியொரு குறிப்பு வந்தால் எத்தனை மருந்து நிறுவனங்கள் திரும்பிப் பார்க்கும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

காற்றை மட்டும் விரட்டினால் போதாது. பிளேட்டில் என்ன கலக்கிறோம் என்பதும் முடிவை மாற்றும். மருத்துவமனைகளில் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா தொற்றிய பலருக்கு மெட்ரோனிடசோல் பலிக்காமல் போனது. ஆனால் ஆய்வகத்தில் பெரும்பாலும் மருந்துக்கு அடங்குவதாகவே முடிவு வந்தது. கடைசியில் தெரிந்தது, சில ரகங்களின் எதிர்ப்பு பிளேட்டின் அகாரில் ஹீம் (ரத்தத்தின் சிவப்புப் பொருளில் உள்ள இரும்புச் சேர்மம்) இருந்தால்தான் வெளிப்படும் என்று. நிம்-பி என்ற புரதம் ஹீமைப் பிடித்துக்கொண்டுதான் மருந்தைச் செயலிழக்கச் செய்கிறது. ஆனால் ஹீம் வெளிச்சம் பட்டால் கெடும். அதனால் இப்போது எங்கள் குளிர்பெட்டியில் பிளேட் அடுக்குகள் அலுமினியத் தாள் சுற்றித்தான் இருக்கும். யாராவது தாளைப் பிரித்துவிட்டு மூடாமல் போனால் என் குரல் கொஞ்சம் உயரும்.

இனி புதுச் சேர்மங்கள். கொல்லும் பொருள் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை. போன வருடம் வந்த இளைஞர் ஒருவர் ஓடிவந்து, “மேடம், டிஃபிசிலுக்கு எம்ஐசி ரொம்ப நல்லா வந்திருக்கு” என்றார். எம்ஐசி என்றால் கிருமி வளராமல் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு.

“சரி தம்பி, குடலோட நல்ல கிருமிங்க, பாக்டீராய்ட்ஸ், பிஃபிடோ எல்லாம் போட்டீங்களா?”

“இல்ல மேடம்.”

“அதையும் போட்டுட்டு வாங்க, பேசலாம்.”

போட்டார். எல்லாம் செத்திருந்தன. மெட்ரோனிடசோலின் குறையும் இதேதான். காற்றில்லாமல் வாழ்வதையே அடையாளமாக வைத்து அடிக்கும் மருந்துக்குக் குடலில் நல்லது எது, கெட்டது எது என்று பிரிக்கத் தெரியாது. அங்கே குடியிருப்பவை பெரும்பாலும் காற்றில்லாதவைதானே. டிஃபிசிலைத் தடுத்துவைத்திருந்த கூட்டமும் சேர்ந்து அழிந்தால், மிஞ்சிய ஸ்போர்கள் முளைத்து நோய் திரும்பும்.

வேறு அடையாளம் ஒன்றைப் பிடித்தது ஃபிடாக்சோமைசின். 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது தாக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ் எல்லா பாக்டீரியாவிலும் உண்டு. ஆனால் டிஃபிசிலின் பாலிமரேஸில் இந்த மருந்தை இறுகப் பிடிக்க உதவும் ஓர் அமினோ அமிலம் குடலின் பாக்டீராய்ட்ஸ் வகையில் இல்லை என்று 2022இல் காட்டினார்கள். ஒரே ஓர் அமினோ அமிலம்! முதல் பெரிய சோதனையில், டிஃபிசிலுக்கு ஏற்கெனவே கொடுத்துவந்த வான்கோமைசினை எடுத்தவர்களில் சுமார் 25 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. ஃபிடாக்சோமைசினில் சுமார் 15. பின்னால் சோதனைக்கு வந்த ரிடினிலசோல் நோய் திரும்புவதை வான்கோமைசினைவிடப் பாதிக்கும் கீழே குறைத்தது. இருந்தும் குணமானவர்களையும் சேர்த்துக் கணக்கிட்ட முதன்மை அளவுகோலில் மேலானது என்று நிரூபிக்க முடியாமல் போனது. நோய் திரும்பாமல் இருப்பதற்காகவே செய்த மருந்தை அதை வைத்தே அளந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. சக ஊழியர்கள் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கெட்டதை மட்டும் குறிவைக்கும் இந்தச் சூத்திரம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் கட்டினால் அங்கே காற்றில்லாத கிருமிகளில் முதல் குற்றவாளி பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸ், குடலுக்குள் நல்லபிள்ளையாக இருந்ததேதான். ஜென்டாமைசின் வகை மருந்து செல்லுக்குள் நுழையவே ஆக்சிஜன் சார்ந்த ஏற்பாடு வேண்டும். ஆகவே அது இங்கே உதவாது. கார்பபெனெம் கேட்கும், ஆனால் அதை வேறு கொடிய கிருமிகளுக்காகப் பொத்திவைத்திருக்கிறோம். சுற்றிச் சுற்றி மெட்ரோனிடசோலிடமே வந்து நிற்கிறோம். விலை மலிவு, சீழுக்குள்ளும் நன்றாக ஊடுருவும். அதற்கு மாற்று என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லும்படி எங்கள் சேம்பரிலிருந்து இன்னும் எதுவும் வெளியே வரவில்லை.

ஆனால் வெளியே மெட்ரோனிடசோல் எப்படிப் போகிறது? இரண்டு தடவை வயிறு போனால் மருந்துக் கடையில் அதன் வணிகப் பெயரைச் சொல்லி “மெட்ரோஜில் ரெண்டு குடுங்க” என்று கேட்கிறோம். கடைக்காரரும் கத்தரித்துக் கொடுக்கிறார். மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்பது சட்டம். சாதாரண வயிற்றுப்போக்கு பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு இந்த மாத்திரை எதுவும் செய்யாது. அடுத்த தடவை அந்தக் கடையில் ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல், சுருண்டு படுக்கும் சோர்வு இருந்தால் மருத்துவரிடம் போங்கள். மெட்ரோனிடசோல் வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும்.