முள்ளில் சுரக்கும் இனிப்பு

செடியைத் தடியால் அடித்தால் என்ன உதிரும்? இலை உதிரும், பூ உதிரும் என்பீர்கள். மிட்டாய் உதிரும் என்று யாராவது சொன்னால், "சரிதான், ராஜகுமாரன் கதை!" என்று நகைப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நகைத்தோம். பாரசீக தேசத்தில், கான்ஸார் மலைச்சரிவில், எங்கள் கண்ணெதிரே அந்த அதிசயம் நிகழும் வரையில்!

இஸ்பஹான் நகரத்துக் கடைவீதியில் திரும்பிய இடமெல்லாம் 'கஸ்' என்னும் வெண்ணிற மிட்டாய் விற்பனை ஆகிறது. முட்டையின் வெள்ளைக்கரு, பன்னீர், பிஸ்தாப் பருப்பு எல்லாம் சேர்த்துக் கிண்டியது. முட்டை என்றதும் எங்களுள் சைவரான நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் ஆதியில் இதன் இனிப்பு ஒரு மலைச் செடியிலிருந்து வந்தது என்று கேட்டதும், செடியைப் பார்க்க அவரே முதலில் கிளம்பிவிட்டார்.

நகரத்திலிருந்து வடமேற்கே ஜாக்ரோஸ் மலைத்தொடரை நோக்கிச் சென்றோம். வழியெல்லாம் மொட்டைக் குன்றுகள். மழை சொற்பம்; வெயிலோ கடுமை. அச்சரிவுகளில் முள்ளம்பன்றிகள் சுருண்டு படுத்திருப்பதுபோல் காணப்பட்டவைதாம் நாங்கள் தேடி வந்த செடிகள்! நமது துவரை, அவுரி முதலியவற்றின் குலத்தைச் சேர்ந்தது இது. அஸ்ட்ரகாலஸ் என்று சாஸ்திரிகள் பெயரிட்டிருக்கும் இவ்வினத்தில் சுமார் 3,000 வகைகள் உண்டு. பூக்கும் தாவரங்களில் இதைவிடப் பெரிய இனம் வேறில்லை. சிற்றிலைகள் உதிர்ந்ததும் நடுநரம்பே முள்ளாக இறுகிவிடுகிறது. கீழே, ஆழ இறங்கிய வேர் பல வருஷங்கள் உயிரைக் காத்து நிற்கிறது.

கோடை முடியும் வேளை. கிழவர் ஒருவர் தோலாலான அகன்ற தட்டைச் செடியின்கீழ் நுழைத்து, வளைந்த கோலால் மெல்லத் தட்டினார். வெண்துகள்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. பேன் அளவே உள்ள ஒரு பூச்சியின் குஞ்சுகள் செடியின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய இனிப்பை வெண்ணிழையாக வெளிவிடுகின்றனவாம். நாவில் இட்டோம், தேன்தான்! ஆயினும் வெகு நேரம் தட்டியும் கிடைத்தது ஒரு கைப்பிடி. இக்காலத்துக் கஸ் மிட்டாயில் பெரும்பாலும் சர்க்கரைப் பாகே இருப்பதன் காரணம் அப்போது விளங்கிற்று.

இச்செடியின் உடன்பிறப்புகளில் சிலவற்றின் அடித்தண்டைக் கீறினால் 'கத்தீரா' என்னும் பிசின் நாடா நாடாவாக வடியும். மருந்து மாத்திரைக்கும் துணி அச்சுக்கும் உலகமெங்கும் அது சென்றது. பின்னர், நுண்ணுயிர்களைக் கொண்டு ஆலையில் செய்யும் பிசின் வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டது. வருமானம் குறைந்தால் செடியின் மதிப்பும் குறையும் அல்லவா? விறகுக்காக வேரோடு பிடுங்குகிறார்கள். மிஞ்சியதை ஆடுகள் மேய்கின்றன. வேர் போன இடத்தில் மண் நிற்பதில்லை. ஒரு மழையில் சரிவே வழிந்துவிடுகிறது.

ஆழக் கீறினால் இவ்வருஷம் காசு அதிகம், அடுத்த வருஷம் செடியே இராது என்றார் கிழவர். அதைக் கேட்டதும் எங்களுக்கு நமது தேசத்துக் காடுகளின் நினைவு வந்தது. கத்தீராவுக்குப் பதிலாக அந்நிய நாடுகளுக்கு ஏற்றுமதியான நமது கராயாப் பிசினை 'இந்தியக் கத்தீரா' என்றே வர்த்தகர்கள் கருதினர். பேராசையால் ஆழ வெட்டப்பட்டு அம்மரங்கள் பல பட்டுப்போயின. வெட்டுவதற்கே தடை விதிக்கும் நிலையும் சில மாகாணங்களில் வந்தது. தேசம் வேறு, தவறு ஒன்றே.

புறப்படும்போது கிழவர் ஒரு சிட்டிகை வெண்துகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். சைவ நண்பர் அதை இரு கைகளாலும் பிரசாதம்போல் வாங்கிக்கொண்டார். நீரில்லாக் குன்றில் முள்ளே தேன் தருகிறது. அதன் வேரை விட்டுவைப்பது ஒன்றுதான் மனிதன் செய்ய வேண்டிய கைம்மாறு.