ரோஸிக்கு ஒரு ஈத்து வேண்டுமா?

லெஸ்டர், இங்கிலாந்து



திருப்பதியில் இருக்கும் என் தங்கை போன வாரம் என்னிடம் ஒரு யோசனை கேட்டாள். அவள் வீட்டு ரோஸிக்கு இரண்டரை வயது, மஞ்சள் நிற லாப்ரடார். மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் ஒருவரிடம் நல்ல ஆண் லாப்ரடார் இருக்கிறதாம். ‘கிராஸ்’ விடக் காசு வேண்டாம், பிறக்கிற குட்டிகளில் ஒன்றை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறாராம். “ஒரே ஒரு ஈத்துதாண்ணா. பொட்டையாப் பொறந்துட்டு ஒரு தடவைகூடத் தாயாகலைன்னா பாவம் இல்லையா? அது உடம்புக்கும் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க” என்றாள்.

இதே கேள்வியை வேலூரிலும் சென்னையிலும் என் சொந்தக்காரர்கள் வெவ்வேறு நாய்களுக்காகக் கேட்டிருக்கிறார்கள். அதனால் அவளுக்குச் சொன்ன பதிலை இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பாவம். ஒரு தடவை குட்டி போட்டால் பெட்டை நாய்க்கு நோய் வராது என்பதற்குக் கால்நடை மருத்துவத்தில் ஆதாரமே இல்லை. ஹீட்டுக்கு வருவது உடம்பின் சுழற்சி. அது முடிந்ததும் நாய் தன் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் திரும்பிவிடும், தாயாகவில்லையே என்று ஏங்கி உட்கார்ந்திருக்காது. அந்த ஏக்கம் நம்முடையது. கருத்தடை ஆபரேஷன் செய்யாத பெட்டைகளுக்கு வயதாக ஆகக் கருப்பையில் சீழ் வைக்கும் ஆபத்து உண்டு. சுவீடனில் காப்பீடு செய்யப்பட்ட நாய்களை ஆராய்ந்தபோது, பத்து வயதுக்குள் ஏறக்குறைய நாலில் ஒரு பெட்டைக்கு அது வந்திருந்தது தெரிந்தது. ஒரு முறை ஈன்றுவிட்டதால் அந்த ஆபத்து போய்விடுவதில்லை. கருத்தடை ஆபரேஷன் செய்தால்தான் போகும். பிரசவமும் லேசான காரியமில்லை. குட்டி குறுக்கே சிக்கினால் நடுராத்திரியில் சிசேரியனுக்கு ஓட வேண்டும். பால் கொடுக்கும் வாரங்களில் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சரிந்து தாய்க்கு வலிப்பு வருவதும் உண்டு. உடம்புக்கு நல்லது என்று சொல்லிக் கூட்டிப்போய்த் தாயை இழந்து திரும்பிய குடும்பங்கள் இருக்கின்றன.

இங்கே என் தெருவில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார். தன் கறுப்பு லாப்ரடாருக்கு ஓர் ஈத்து எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. முதல் வேலையாக இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார். நாயை மயக்கி, மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால் இரண்டையும் நேராக நீட்டி எடுக்கும் படம் அது. பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சங்கமும் கென்னல் கிளப்பும் 1965 முதல் இதற்கென்றே ஒரு திட்டம் நடத்திவருகின்றன. ஒவ்வொரு இடுப்பு மூட்டிலும் ஒன்பது இடங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 53, இரண்டும் சேர்ந்து 106. எண் குறையக் குறைய மூட்டு நல்லது என்று அர்த்தம். பிறகு முழங்கை மூட்டுக்கும் கண்ணுக்கும் பரிசோதனை. பரம்பரையாக வரும் பார்வைக் கோளாறுக்கு மரபணுச் சோதனை. ஆண் நாயின் சொந்தக்காரரிடமும் இத்தனை காகிதத்தையும் கேட்டு வாங்கிய பிறகுதான் ‘சரி’ என்றார்.

குட்டிகள் பிறந்த வாரம் போய்ப் பார்த்தேன். சமையலறை மூலையில் பலகையால் அடித்த பெரிய பெட்டி. அதன் உட்சுவரைச் சுற்றி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், உருட்டுக்கட்டை ஒன்று ஓடியது. தாய் புரண்டு படுக்கும்போது குட்டி சுவரோரம் நசுங்காமல் அந்தக் கட்டைக்கு அடியில் தப்பிக்கொள்ளும். எட்டுக் குட்டிகளின் கழுத்திலும் எட்டு நிறக் கம்பளி நூல். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சமையல் தராசில் வைத்து எடையை நோட்டில் எழுதினார். ‘பச்சை’ என்று குறித்திருந்த குட்டிக்கு இரண்டு நாளாக எடை ஏறவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து அதற்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் தூக்கமே இல்லை. குட்டி வேண்டும் என்று வந்தவர்களை அவர் விசாரித்த விசாரணையைச் சம்பந்தம் பேசும் வீட்டில்கூட நான் கேட்டதில்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வேலி எவ்வளவு உயரம், ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள் என்று கேட்டு, இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினார். வாங்கியவர்கள் கையெழுத்திட்ட தாளில், எந்த வயதிலும் எந்தக் காரணத்துக்காகவும் நாயை வைத்திருக்க முடியாமல் போனால் அது தன்னிடமே திரும்பி வர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. தங்கையிடம் நான் முக்கியமாகச் சொன்னது இந்த வரியைத்தான். குட்டி போடவைப்பவர் அத்தனை குட்டிகளின் ஆயுளுக்கும் பொறுப்பு. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒன்று திரும்பி வந்தாலும் வாசல் திறந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்துச் சட்டம் இவ்வளவு கேட்பதில்லை. வியாபாரமாகச் செய்யாமல், வருடத்துக்கு மூன்று ஈத்துக்குக் குறைவாக எடுப்பவருக்கு லைசென்ஸ்கூட வேண்டாம். 2020 ஏப்ரல் 6 முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர்களும் கடைகளும் விற்கக் கூடாது என்றானது. வாங்குபவர் குட்டியைத் தாயோடு பார்த்துத்தான் வாங்க வேண்டும். நம் நாட்டில் 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் எழுத்தளவில் இதற்குக் குறைந்தவை அல்ல. குட்டி எடுத்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், எட்டு வயதைத் தாண்டக் கூடாது. வருடத்துக்கு ஓர் ஈத்து, ஆயுளில் ஐந்துதான். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.

ஆனால் நம் பக்கம் முப்பது, நாற்பது நாளிலேயே கைமாற்றிவிடுகிறார்கள். சின்னதாக இருந்தால்தான் பழகும் என்று வாங்குபவரும் கேட்கிறார். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான், அதுவும் இந்த வாரங்களில்தான். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிற நேரமும் இதுவே. தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டி வீடு மாறிப் போய் பார்வோவில் ரத்தமாகக் கழிந்து சாவதை நம் ஊர்க் கால்நடை மருத்துவர்கள் வருடம் தவறாமல் பார்க்கிறார்கள்.

லாப்ரடார் ஆறேழு குட்டிகள் போடுவது சாதாரணம், பத்தும் போடும். ஒன்று கடுவன்காரருக்கு, ஒன்று தங்கை மகளுக்கு என்று வைத்தாலும் மற்றவை? “கேட்டவங்க நிறையப் பேர் இருக்காங்கண்ணா” என்றாள். நாற்பது நாள் குட்டியைக் கேட்பவர்கள் எப்போதும் நிறையத்தான். பத்து மாதத்தில் அது முப்பது கிலோ ஆகி, செருப்பைக் கடித்துக் குதறி, அபார்ட்மெண்டின் மூன்றாவது மாடியில் நாள் முழுக்கக் குரைக்கும்போது அதே ஆட்கள் என்ன சொல்வார்கள்? வடக்கு அட்லாண்டிக்கின் குளிர்ந்த கடலோரத்தில், நியூஃபவுண்ட்லாந்தில் உருவான இனம் இது. தண்ணீரில் இறங்கி வேலை செய்வதற்கான இரட்டை ரோமம். சித்தூர், திருப்பதி மே மாத வெயிலில் அதன் மூச்சிரைப்பைப் பார்த்தாலே தெரியும். பசியும் அடங்காது. லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள்.  

வேண்டாமென்று ஆன நாய் இங்கே தெருவில் நின்றால் நகராட்சி பிடித்து ஏழு நாள் வைத்திருக்கும். 2016 முதல் மைக்ரோசிப் கட்டாயம் என்பதால் சொந்தக்காரர் யார் என்று தெரிந்துவிடும். நம் ஊரில் அது தெருவில் ஒரு கோடியே ஐம்பத்து மூன்று லட்சத்தில் ஒன்றாகச் சேரும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பு சொன்ன தெருநாய் எண்ணிக்கை அது. திருப்பதியில் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊர் சேஷாசலம் மலையின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. பல்கலைக்கழக வளாகங்கள்வரை சிறுத்தை இறங்கி வருவது அங்கே இப்போது வழக்கமான செய்தியாகிவிட்டது. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மகாராஷ்டிரத்தின் அகோலே வட்டாரத்தில், ஊரை ஒட்டி வாழும் சிறுத்தைகள் எதைத் தின்கின்றன என்று ஆராய்ந்தபோது நாய்தான் முதலிடத்தில் இருந்தது. மலையடிவாரத்தில் கேட்பாரற்ற நாய் பெருகுவது சிறுத்தைக்கு அழைப்பு. தெருவின் சூட்சுமம் தெரியாத, யாரைக் கண்டாலும் வாலாட்டுகிற வளர்ப்பு நாய் அதில் முதலில் சாகும்.

குட்டி எடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றை வம்சம் கெடாமல் தலைமுறையாகக் காப்பாற்றுபவர்கள் இருப்பதால்தான் அவை இன்னும் இருக்கின்றன. எந்தக் குணத்தை அடுத்த தலைமுறைக்குக் கடத்துகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். அதையேதான் தங்கையிடமும் கேட்டேன்: ரோஸியின் அம்மா யார், அப்பா யார், அவற்றின் இடுப்பு எப்படி? தெரியாது என்றாள். நண்பர் வீட்டில் எடுத்த குட்டி, பேப்பர் கிடையாது. அவள் அனுப்பிய வீடியோவில், டைல்ஸ் தரையிலிருந்து எழும்போது ரோஸி முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு எழுகிறாள். நாலைந்து அடி நடந்த பிறகுதான் பின்னங்கால் சரியாகிறது. அது தரை வழுக்குவதாலும் இருக்கலாம், இடுப்பு மூட்டு சரியாக உட்காராததாலும் இருக்கலாம். ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகமும் அதன் சிகிச்சை வளாகமும் அந்த ஊரிலேயே இருக்கின்றன. கூட்டிப்போய் எக்ஸ்ரே எடு, கூடவே இனச்சேர்க்கையில் தொற்றும் புருசெல்லோசிஸ் நோய்க்கும் ரத்தம் பார், அந்த ஆண் நாய்க்கும் இரண்டும் ஆகட்டும் என்றேன். மாப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. “நாய்க்குக் குட்டி போட இவ்வளவு தேவையா மச்சான்?” என்று கேட்டார். தேவை மாப்பிள்ளை. மூட்டு தேய்ந்து வலியோடு நடக்கப் போவது குட்டிகள்.

எக்ஸ்ரே நன்றாக வந்தாலும் என் பதில் வேண்டாம் என்பதுதான். தங்கை மகளுக்குக் குட்டி வளர்க்கும் ஆசை இருந்தால், அவர்கள் தெருவிலேயே ஒரு நாய் ஈன்றிருக்கிறது. எட்டு வாரம் ஆனதும் அதில் ஒன்றை எடுத்துத் தடுப்பூசி போட்டு வளர்க்கலாம். அந்த வெயிலுக்குப் பிறந்த உடம்பு அது. தாய்க்கும் ஆபரேஷன் செய்ய ஏற்பாடு செய்தால் தெருவுக்கே நல்லது.

ரோஸியின் அடுத்த ஹீட் இந்த மாதக் கடைசியில் வரும் என்கிறாள். ஹீட்டில் ஆபரேஷன் செய்தால் ரத்தப்போக்கு அதிகமாகும் என்பதால், அது முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து ரோஸியின் கருத்தடைக்கு நாள் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். ஹீட் இருக்கும் மூன்று வாரமும் கவனம் வேண்டும். தெரு ஆண்கள் கேட் வாசலிலேயே படுத்துக் கிடக்கும், தாழ்வான காம்பவுண்டைத் தாண்டும். பால்காரர் வரும்போது கேட் திறந்தே கிடக்கிற அரை நிமிடம் போதும். காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து மாப்பிள்ளையே வெளியே கூட்டிப்போகட்டும், குழந்தையிடம் விட வேண்டாம்.