பார்த்ததற்குக் கூலி

அப்பா 2004-ல் வாங்கிய காரை இன்னும் நான்தான் ஓட்டுகிறேன். சென்ற ஆண்டு அதன் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 10-க்கு இறங்கியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்றைப் போட்டு 3,200 ரூபாய் வாங்கினார்கள். மூன்றே மாதத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. இந்த முறை சைலன்சரோடு சேர்ந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் போய்விட்டது, அதைக் கழற்றி வெற்றுக் குழாய் வைத்துவிடலாம், பழையதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். சந்தேகப்பட்டு வண்டியைத் திருப்பி எடுத்துவந்தேன். நண்பர் ஒருவர் அம்பத்தூரில் ஒரு மெக்கானிக்கிடம் அனுப்பிவைத்தார்.

ஒரு லேத் பட்டறையை ஒட்டிய தகர செட். பெயர்ப்பலகை இல்லை. ஐம்பத்தெட்டு வயதுக்காரர், உடன் ஒரு பையன். "ஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்றவர் பானெட்டைத் திறக்கவில்லை. வண்டிக்குப் பின்னால் போய்ப் புகையை முகர்ந்தார். இன்ஜினை நிறுத்தச் சொல்லிக் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துக் காட்டினார். விரல் கரியாக இருந்தது.

"பெட்ரோல் எரியாமலே வெளிய வருது. வண்டி கண்ணை மூடிக்கிட்டு ஓடுது சார்."

அந்தக் கண்தான் ஆக்சிஜன் சென்சார். பெட்ரோல் ஒரு பங்கு என்றால் காற்று 14.7 பங்கு, எடைக் கணக்கில். அந்த அளவில் எரிந்தால்தான் கன்வெர்ட்டரால் புகையைச் சுத்தம் செய்ய முடியும். சென்சாரின் நுனியில் பிளாட்டினம் பூசிய சிர்கோனியா பீங்கான் இருக்கிறது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் அது தரும் மின்னழுத்தம் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும், பெட்ரோல் கூடினால் 0.9 பக்கம் ஏறும். அதைப் பார்த்து வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. 1976-ல் வோல்வோ கார்களில் பாஷ் நிறுவனம் முதன்முதலாகப் பொருத்திய ஏற்பாடு இது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்த நுனிக்கு விஷம். நம் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில்தான்.

பீங்கான் சுமார் 300 டிகிரி சூடேறினால்தான் வேலை செய்யும். அதற்காக உள்ளே ஒரு சின்ன ஹீட்டர் உண்டு. என் வண்டியில் ஹீட்டரின் ஃபியூஸ் போயிருந்தது. ஃபியூஸை மாற்றி இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் என்னை அனுப்பியிருக்கலாம். "ஃபியூஸ் சும்மா போகாது" என்று சொல்லி வண்டிக்கு அடியில் படுத்தார். முன்பு மாற்றியவர்கள் ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். டேப் உருகி, ஹீட்டர் ஒயர் சைலன்சர் குழாயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்த சென்சார் வெளிக்காத்தையும் புகையையும் ஒப்பிட்டுத்தான் கணக்கு சொல்லும். நிறைய சென்சார்ல அந்தக் காத்து ஒயருக்குள்ளயேதான் போகுது. வெட்டி முறுக்கினா மூச்சு போயிடும்" என்றார்.

ஒயரைச் சரிசெய்து, ஃபியூஸ் போட்டு, கனெக்டரின் பின்புறம் ஒரு குண்டூசியைச் செருகி மல்டிமீட்டரை இணைத்தார். இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை காத்திருந்தோம். பையன் ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்தான். எண் 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் துள்ள வேண்டும். 0.4-லேயே நின்றது. ஒரு வேக்குவம் குழாயைக் கழற்றிக் காற்றை உள்ளே விட்டார், இறங்கவில்லை. காற்று வரும் வழியைக் கையால் மறைத்தார், ஏறவில்லை. "இப்பதான் சொல்றேன், சென்சார் போச்சு."

அந்த மீட்டரின் மூலைகள் தேய்ந்து, ஒரு பக்கம் ரப்பர்பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. அதைப் பற்றிக் கேட்டதும் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். பதிமூன்று வயதில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து, மண்ணெண்ணெயில் ஸ்பேனர் கழுவியவர். அம்பாசிடரின் கார்புரேட்டரைக் காதால் கேட்டே ட்யூன் செய்வார். 2000-க்குப் பிறகு, கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் பெருகின. காதை நம்பி இருந்தவர்களுக்கு வேலை குறைந்தது. கூட இருந்த இருவர் ஆட்டோ ஓட்டப் போனார்கள். இவர் ஆறு மாதம் தினமும் மாலையில் ஒரு டிவி ரிப்பேர்க் கடையில் போய் நின்றார். வோல்ட் என்றால் என்ன, ஓம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தவர் கடையை மூடும்போது இந்த மீட்டரைக் கொடுத்துவிட்டுப் போனாராம். "அண்ணன் கொடுத்தது. காசு வாங்கல."

மறுநாள் என் வண்டி மாடலுக்கான சென்சாரை பில்லோடு 2,900 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். பழைய சென்சார் துருவில் இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒயர் நுழையப் பக்கவாட்டில் பிளந்த 22 எம்.எம். பாக்ஸ் ஸ்பேனரால் அவசரப்படாமல் திருப்பினார். பக்கத்து லேத்தில் அவரே பிளந்து வாங்கியது அது. புதிய சென்சாரின் மரையில் மட்டும் கிரீஸ் தடவினார். நுனியில் விரல் படவிடவில்லை. மீட்டரில் எண்கள் துள்ளின. கன்வெர்ட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார்.

கன்வெர்ட்டரைக் கழற்ற ஏன் அத்தனை ஆர்வம் என்று அப்போதுதான் புரிந்தது. அதற்குள் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் இருக்கின்றன. ஊர் ஊராக வந்து அள்ளிப் போகும் தரகர்கள் மெக்கானிக் கையில் கொஞ்சம் திணித்துவிட்டு உலோகத்தின் விலையைத் தாங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கன்வெர்ட்டர் இல்லாத வண்டி விடும் நச்சுப்புகையைப் பின்னால் பைக்கில் வருகிற குழந்தை சுவாசிக்கிறது. அசல் பெட்டியில் போலி சென்சாரை வைத்து விற்பவர்களும் இதே பாவத்தில் பங்காளிகள். ஒரு பாகம் விற்றால் கமிஷன் உண்டு. அந்தப் பாகம் தேவையில்லை என்று கண்டுபிடித்துச் சொல்பவனுக்கு ஒன்றும் கிடையாது. நேர்மையான மெக்கானிக்கைப் பட்டினி போட்டு, மாற்றத் தெரிந்தவனை மட்டும் வளர்க்கிற கணக்கு இது.

பொருத்திய கூலி என்று 400 ரூபாய் கேட்டார். முதல் நாள் அரைநாள் உழைப்புக்கு எவ்வளவு என்றேன்.

"பார்த்ததுக்கு யாரு சார் காசு குடுக்கறாங்க?"

நான் கொடுத்த ஆயிரம் ரூபாயைத் தயங்கித்தான் வாங்கினார். பையன் மீட்டரைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தான்.

ஒரு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தேன். லிட்டருக்கு 14 கிலோமீட்டர். புகைச் சோதனையிலும் வண்டி தேறிவிட்டது. வாசகர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் மெக்கானிக் எதையும் மாற்றாமல், கோளாறை மட்டும் கண்டுபிடித்துச் சொன்னாலும் அதற்கு ஒரு கூலி கொடுங்கள். அதில் பேரம் பேசாதீர்கள்.