கயலுக்குப் பெரியப்பா எழுதுவது

கிழக்குத் தாம்பரம்

அன்புள்ள கயல்,

"நம்ம ரத்தத்திலேயே கிட்னி நோய் இருக்கா பெரியப்பா?" என்று கேட்டிருந்தாய். தெற்காசியர்களுக்கு ஆபத்து அதிகம் என்று லெஸ்டரில் உன் டாக்டர் சொன்னதிலிருந்து உனக்குத் தூக்கமில்லையாமே, உன் அப்பா சொன்னான். ஒரு போன் போட்டிருக்கலாமே அம்மா.

உன் தாத்தாவின் இடது கை ஞாபகம் இருக்கிறதா? டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட இடத்தில் விரல் வைத்தால் வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிரும். வாரம் இரண்டு நாள், விடியற்காலை மின்சார ரயிலில் அவரை எழும்பூருக்கு அழைத்துப் போவேன். திரும்பும்போது பல்லாவரம் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். இருபது வருஷம் சர்க்கரை இருந்தும் சிறுநீரில் புரதம் போகிறதா என்று நாங்கள் ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. அந்த வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த நாட்களில்தான் டாக்டர் எம்.கே. மணியைப் படித்தேன். அந்தப் பெயரே நீ கேட்டதில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான். சென்னை அப்போலோவின் தலைமைச் சிறுநீரக மருத்துவராக இருந்தவர், 1991இல் பத்மபூஷண். வில்லிவாக்கத்தை ஜனங்கள் 'கிட்னிவாக்கம்' என்று சொன்ன காலத்தில், 1994 உறுப்பு மாற்றுச் சட்டம் வருவதற்கு முன்பே, சிறுநீரக விற்பனை கூடாது என்று பகிரங்கமாக எழுதியவர்.

நான் அவரைக் கும்பிடுவது வேறொன்றுக்காக. டயாலிசிஸும் மாற்று அறுவையும் நம் ஜனங்களில் பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது என்று கண்டவர், கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னைக்கு வெளியே, மொத்தம் 25,000 பேர் வாழ்ந்த கிராமங்களில் வேலையைத் தொடங்கினார். வீடு வீடாகப் போனது பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்கள். முதலில் ரத்த அழுத்தம், பிறகு சோதனைக் குழாயில் சிறுநீர். சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சில சொட்டு விட்டதும் கஞ்சித் தண்ணிபோலக் கலங்கினால் புரதம் ஒழுகுகிறது. பெனடிக்ட் கரைசலோடு காய்ச்சி, நீலம் போய்ச் செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை. பிடிபட்டவர்களுக்கு ரெசர்பின், மெட்ஃபார்மின் என்று மலிவான பழைய மாத்திரைகள். அந்த 25,000 பேரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், வருஷத்துக்கு ஆளுக்கு 27 அமெரிக்க சென்ட்தான் செலவானது!

உன் டாக்டர் சொன்னது சரிதான், நமக்கு ஆபத்து கூடுதல். ஆனால் தாத்தாவைக் கொண்டுபோனது, பார்க்காமல் விட்ட அந்த இருபது வருஷம். அந்தப் பெண்கள் முன்பே நம் வாசலுக்கும் வந்திருந்தால் அவர் இன்னும் சில காலம் இருந்திருப்பார்; நான் அப்படித்தான் நம்புகிறேன்.

இந்த வாரமே சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், இரண்டும் பார்த்துவிடு. ரிசல்ட் வந்ததும் எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
பெரியப்பா