மூணாவது பிஸ்டன்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. கார் இன்ஜின் பத்தினதுதான். இன்ஜின் தெரியாதவங்களும் தைரியமா உள்ள வரலாம். பட்டாசு தெரிஞ்சா போதும் :-)

எங்க அத்தை வீடு ஏழாயிரம்பண்ணையில. திரும்பின பக்கமெல்லாம் தீப்பெட்டி ஆபீசும் பட்டாசு ஆலையும் இருக்கிற ஊரு. மாமா பட்டாசு ஆலையில போர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். அத்தை மகன், அதாவது மாப்ள, சரியான கார் பைத்தியம். 2013ல அவன்கிட்ட ஒரு பழைய எஸ்டீம் இருந்தது. 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். ரெண்டு வருஷச் சேமிப்பைப் போட்டு அதுல ஒரு செகண்ட் ஹாண்ட் சூப்பர்சார்ஜர் மாட்டினான். ஐடியா கொடுத்தது? வேற யாரு, அடியேன்தான்.

சூப்பர்சார்ஜர்னா வேற ஒண்ணுமில்ல, காத்து பம்ப்பு. இன்ஜின்ல இருந்து ஒரு பெல்ட் அதைச் சுத்தும். அது காத்தை அமுக்கி சிலிண்டருக்குள்ள திணிக்கும். காத்து கூடினா பெட்ரோலும் கூட ஊத்தலாம், சக்தியும் கூடும். 1860ல அமெரிக்காவுல ரூட்ஸ்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் காப்புரிமை வாங்கின ஊதுகருவிதான் இதுக்குப் பாட்டன்.

வேலையைச் செஞ்சது கோவில்பட்டி பக்கம் ஒரு வயசான மெக்கானிக். அண்ணாச்சின்னு கூப்பிடுவோம். 5 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு எல்லாத்தையும் செட் பண்ணிட்டு, "இதுக்கு மேல வேண்டாம் தம்பி, இன்ஜின் தாங்காது"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

ஒரு மே மாச மத்தியானம். சாத்தூர்ல இருந்து கோவில்பட்டிக்கு நாலுவழிச் சாலையில போறோம். ஏ.சி. ஓடுது, ஆக்சிலேட்டரை நல்லா மிதிச்சிருக்கான். தகர டப்பாவுல கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம்.

"மச்சான், ஏதோ சத்தம் கேக்குது."

"டாப்பெட் சத்தமா இருக்கும் மாப்ள. பாட்டைக் கூட்டு."

கூட்டினான். பத்து நிமிஷத்துல வண்டி இழுவை செத்துப்போச்சு. நொண்டி அடிச்சுது. பின்னாடி பார்த்தா நீலக் கலர்ல புகை.

கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கறதுக்குள்ள நான் தீர்ப்பே எழுதிட்டேன். "அண்ணாச்சி வேலையில கோளாறு, வேற என்ன?" மாப்ள உடனே போனைப் போட்டு அவரைக் கன்னாபின்னான்னு பேசிட்டான். அவர் ஒண்ணும் சொல்லாம போனை வச்சுட்டார்.

திண்ணையில இருந்து கேட்டுக்கிட்டிருந்த மாமா சொன்னார்: "யாரு தப்புன்னு அப்புறம் பாக்கலாம்யா. எங்க ஆரம்பிச்சுதுன்னு மொதல்ல பாரு."

பட்டாசு ஆலைக்காரர் பேச்சு அது. விபத்துன்னா எந்த ரூம், எந்த மருந்துன்னுதான் அவங்க மொதல்ல கேப்பாங்க. 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில முப்பதுக்கும் மேல உசிரு போன வெடி விபத்து நடந்து அப்ப ஒரு வருஷம்கூட ஆகல. அதுக்கு மேல நான் வாயைத் திறக்கல.

சரி, ஒவ்வொண்ணா ஆரம்பிச்சோம். மொதல்ல பெல்ட்டைக் கழட்டி சூப்பர்சார்ஜரைக் கையால சுத்தினோம். லகுவா சுத்துது, உரசல் இல்ல. அடுத்து ரேடியேட்டர். தண்ணியில எண்ணெய் இல்ல, எண்ணெயில தண்ணி இல்ல. அப்ப ஹெட் கேஸ்கெட் மேல பெரிய சந்தேகம் வேண்டாம்.

அப்புறம் நாலு பிளக்கையும் கழட்டி வரிசையா வச்சோம். மூணு ஒரே மாதிரி. மூணாவது சிலிண்டர் பிளக்குல மட்டும் வெள்ளைப் பீங்கான் மேல மிளகுத்தூள் தெளிச்ச மாதிரி பொடிப்பொடியா வெள்ளிப் புள்ளி. அது பிஸ்டனோட அலுமினியம்! எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

கம்ப்ரஷன் மீட்டர் இரவல் வாங்கி வந்து பார்த்தோம். 165, 170, 70, 165. மூணாவதுல ஒரு ஸ்பூன் ஆயிலை விட்டு மறுபடியும் பார்த்தா 85. ரிங் தேய்மானம் மட்டும்னா ஆயில் விட்டதும் நல்லா ஏறியிருக்கணும். வால்வுன்னா ஏறவே கூடாது. இது ரெண்டுங்கெட்டான்.

கடைசியா பஞ்சர் கடை கம்ப்ரஸர். மூணாவது பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, நகராம கியர்ல போட்டுட்டு, பிளக் ஓட்டை வழியா காத்தடிச்சோம். சைலன்சர்ல சீறினா எக்ஸாஸ்ட் வால்வு. இன்டேக்ல சீறினா இன்டேக் வால்வு. ரேடியேட்டர்ல குமிழி வந்தா கேஸ்கெட். எங்களுக்கு ஆயில் ஊத்தற மூடி வழியா புஸ்ஸுன்னு வந்தது. அப்ப பிஸ்டன்தான்.

பிரிச்சுப் பார்த்தோம். முதல் ரிங்குக்கும் ரெண்டாவது ரிங்குக்கும் நடுவுல இருக்கிற விளிம்பு ஒரு துண்டு பேர்ந்திருக்கு. மேல்பக்க ஓரமெல்லாம் செல்லு அரிச்ச மாதிரி பொத்தல்.

மாமா கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புஸ்வாணம் வெடிச்சிருக்குய்யா" அப்படின்னார்.

இதைவிடச் சுருக்கமா எந்தப் புத்தகமும் சொல்லாது. பெட்ரோலும் காத்தும் சிலிண்டருக்குள்ள புஸ்வாணம் மாதிரி ஒரு முனையில பத்தி ஒழுங்கா எரிஞ்சு பரவணும். அழுத்தமும் சூடும் அளவுக்கு மேல போனாலோ, பெட்ரோல் குறைஞ்சாலோ, தீ போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே ஓரத்துல மிச்சம் இருக்கிற கலவை ஒரே நேரத்துல வெடிச்சுடும். அந்த அடிதான் நாங்க கேட்ட கோலிக்குண்டு சத்தம்.

எனக்கு இன்னும் ஒரு நப்பாசை. இன்ஜெக்டர் அடைச்சிருக்கும், அதனாலதான் பெட்ரோல் குறைஞ்சிருக்கும்னு. மதுரைக்குக் கொண்டுபோய் நாலையும் கண்ணாடிக் குழாய்ல அளந்தோம். மூணாவது கொஞ்சம் கம்மிதான். கொஞ்சம்தான். 5 பி.எஸ்.ஐ.யில அது தாக்குப்பிடிச்சிருக்கும்.

ஆனா வண்டியில இருந்தது 5 இல்லை. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி, "இன்னும் கொஞ்சம் இழுக்கட்டும் மாப்ள"ன்னு நான்தான் லேத்துல சின்ன புல்லி ஒண்ணு கடைஞ்சு மாட்ட வச்சேன். புல்லி சின்னதானா சூப்பர்சார்ஜர் வேகமாச் சுத்தும். மீட்டர் 8 காட்டுச்சு. 5ன்னா வழக்கத்தைவிட மூணுல ஒரு பங்கு காத்து கூட. 8ன்னா பாதிக்கும் மேல. அண்ணாச்சி செட் பண்ணின பெட்ரோலும் இக்னிஷன் டைமிங்கும் அப்படியே பழைய கணக்குல. போதாக்குறைக்கு மே மாச வெயில்.

"புல்லி மாத்தினதை அவருகிட்ட சொன்னீங்களாய்யா?" மாமா கேட்டார்.

நாங்க ரெண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

இந்த ஆசை நமக்கு மட்டும் வந்தது இல்ல. பென்ட்லி கம்பெனியை ஆரம்பிச்ச டபிள்யூ.ஓ. பென்ட்லிக்குத் தன் நாலரை லிட்டர் இன்ஜின்ல சூப்பர்சார்ஜர் மாட்டறது பிடிக்கவே இல்ல. டிம் பிர்கின் கேக்காம மாட்டினார். 1930 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துல அந்த வண்டிகள் வேகமா ஓடுச்சு, ஆனா ஒண்ணுகூட முடிவுக்கோட்டைத் தொடல. ஜெயிச்சது சூப்பர்சார்ஜர் இல்லாத இன்னொரு பென்ட்லி.

மறுநாள் பேர்ந்த பிஸ்டனையும் சின்ன புல்லியையும் ஒரு மஞ்சப்பையில போட்டுக்கிட்டு அண்ணாச்சி பட்டறைக்குப் போனோம். நான்தான் பேசினேன். பாட்டைக் கூட்டச் சொன்னது வரைக்கும் ஒண்ணு விடாம சொன்னேன். அவர் புல்லியை மட்டும் எடுத்துக் கட்டைவிரலால தடவிப் பார்த்தார்.

"கடைசல் நல்லா இருக்கு" அப்படின்னார். அப்புறம், "சத்தம் கேட்டப்பவாவது காலை எடுத்திருக்கலாம்ல தம்பி?"

அவ்வளவுதான். டீ சொன்னார். இன்ஜினையும் அவரே கட்டிக் கொடுத்தார், சூப்பர்சார்ஜர் இல்லாம. செலவுல பாதி என்னோடது. மாப்ளயோட ரெண்டு வருஷச் சேமிப்புக்கு ஈடு கொடுக்க என்கிட்ட வழி இல்ல. அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டினதில்ல, அதுதான் கஷ்டமா இருக்கு.

அன்னிக்கு ராத்திரி மாமா சொன்னதையும் எழுதிடறேன். "மருந்து சூடேறுதுன்னு தோணுச்சுன்னா கையில இருக்கிறதை அப்படியே போட்டுட்டு வெளிய வந்துரணும். ஏன் எதுக்குன்னு வெளிய நின்னு யோசிக்கலாம்." அந்த ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியற விஷயம். நான் பாட்டைக் கூட்டச் சொன்னேன்.

இப்பல்லாம் வண்டியில ஏதாவது சத்தம் கேட்டா மொதல்ல பாட்டைத்தான் நிறுத்தறேன்.

டிஸ்கி: ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாம இன்ஜினை இப்படி மாத்தி ரோட்டுல ஓட்டினது சட்டப்படியும் தப்பு. இதைப் படிச்சுட்டு யாரும் புல்லி கடையக் கிளம்பிடாதீங்க மக்களே!