கரடி குடியிருக்கும் கல்

கரடி வாழுமிடம் என்றதும் வெயில் புகாத பச்சைக் காடுதான் பலருக்கும் ஞாபகம் வரும். தடம் பார்க்கும் வேலையில் இருக்கும் நான் முதலில் கல்லைப் பார்ப்பேன். செஞ்சிக்காரனுக்கு அது பழகிய பார்வை. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் உருண்டைக் கருங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் மலைகள். கோடையில் பாறைமேல் வெறுங்காலை வைக்க முடியாது. இரண்டு பாறைக்கு நடுவே ஆள் நுழையும் இடுக்கில் உட்கார்ந்தால் வியர்வை அடங்கிவிடும். உடம்பெல்லாம் சடை மயிர் தொங்கும் நம் தேன்கரடிக்குப் பகலைக் கழிக்க அந்த இடுக்குதான் வேண்டும்.

விஜயநகரம் எழுந்த ஹம்பிக்குப் பக்கத்திலும் இதே கல்தான், இதே முட்புதர்தான். அங்கே தரோஜியில் 1994இல் கரடிகளுக்கென்றே சரணாலயம் அமைத்தார்கள். அந்த நிலத்தைப் பார்க்கிற யாருக்கும் நம்மூர் நினைவு வரும்.

கல் மட்டும் போதாது. புதர் வேண்டும், சுனையில் தண்ணீர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கரையான் வேண்டும். ஜவ்வாது மலையடிவாரத்தில் கரடி தோண்டிய புற்றை முதன்முதலாகக் குனிந்து பார்த்தபோது அசந்துபோனேன். காய்ந்து இறுகிய மண்ணில் செங்குத்தாக ஒரு குழி, ஓரங்களில் நகம் இழுத்த நீளக் கோடுகள். மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டும் இதற்குக் கிடையாது. மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, மண்ணை ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சும். இவ்வளவு பொருத்தமான உடம்பை வேறெந்தக் கரடியிடமும் நான் கேள்விப்பட்டதில்லை.

பழம் பழுக்கும் பருவத்தில் புற்றை விட்டுவிட்டு எச்சத்தைத் தேடுவேன். குச்சியால் கிளறினால் கொன்றை விதைகள் தட்டையாக, பளபளவென்று அப்படியே கிடக்கும். இலந்தை, நாவல் கொட்டைகளும் இருக்கும். இலங்கையில் வில்பத்து, யால பக்கம் பாலைப்பழம் பழுத்தால் கரடி மரமேறிவிடும். அந்தப் பாலை நம் சோழமண்டலக் கரையின் வறண்ட காடுகளிலும் நிற்கிற மரம்தான்.

இப்படிப்பட்ட நிலத்தைத்தான் நாம் பொட்டல், தரிசு என்று தள்ளிவிடுகிறோம். மரம் நட்டால் கரடி வந்துவிடும் என்று நம்புகிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். ஒரு குன்றைக் குவாரிக்கு உடைத்துவிட்டால் அந்த இடுக்கை எந்த நாற்றாலும் திருப்பித் தர முடியாது. சூரையும் காரையும் மண்டிய சரிவைச் சுத்தம் செய்கிறோம் என்று வழித்தெடுப்பதும் அதே கேடுதான்.

குளிர்காலத்தில் தாய் ஒன்றிரண்டு குட்டிகளை இடுக்குக்குள் ஈனும். வெளியே வந்தபிறகும் குட்டிகள் முதுகு மயிரைப் பிடித்தபடி சவாரி செய்யும். கிட்டத்தில் திடுக்கிட்டால் கரடி ஓடாது, பாயும். அதனால் பாறைக்கூட்டத்தை நெருங்கும்போது ஆடு மேய்ப்பவர்களைப் போலச் சத்தமாகப் பேசிக்கொண்டுதான் போவேன். மார்கழி, தையில் அந்தப் பக்கமே போகமாட்டேன், கணக்கெடுப்பு காத்திருக்கட்டும்.